குறிப்புரைகளில் 587 எழுத்துப்பிழைகள்: ஒரு வலையமைப்பு நிரலகத்தைத் திருத்திய பதிவு

கடந்த வெள்ளிக்கிழமை மாலை, பினாங்கு பயான் லெப்பாசில் உள்ள எங்கள் அலுவலகத்தில், 14 கமிட்டுகள் (பதிந்து வைத்த மாற்றத் தொகுதிகள்) கொண்ட ஒரு கிளையை முதன்மைக் கிளையோடு இணைத்தேன். 143 கோப்புகள், ஏறத்தாழ 61,000 வரிகள் கொண்ட, சி மொழியில் எழுதப்பட்ட எங்கள் வலையமைப்பு நிரலகத்தின் குறிப்புரைகளில், அதாவது மனிதர் படிப்பதற்காக நிரலுக்கிடையே எழுதும் விளக்கங்களில், இருந்த 587 எழுத்துப்பிழைகள் அந்தக் கிளையில் திருத்தப்பட்டிருந்தன. திருத்தத்திற்கு முன்னும் பின்னும் தொகுத்த, அதாவது தொகுப்பி இயந்திர மொழிக்கு மாற்றித் தந்த, 71 ஆப்ஜெக்ட் கோப்புகளும் பைட்டுக்குப் பைட் ஒன்றாகவே இருந்தன. இந்தக் கடைசி வாக்கியத்தை எழுதுவதற்கு எனக்கு ஒன்பது மாலைகள் பிடித்தன. அதற்கு முன் ஒரே மாலையில் முடித்த முதல் முயற்சி, மறுநாள் காலையிலேயே என்னைத் தலைகுனிய வைத்தது.

வேலை தொடங்கக் காரணமானவர் எங்களிடம் ஆறு மாதப் பயிற்சிக்கு வந்திருக்கும் மாணவர். தொழிற்சாலைக் கருவிகள் வலையமைப்பில் பேசிக்கொள்ளும் மோட்பஸ் டிசிபி முறையில், 502-ஆம் போர்ட் வழியாக, எடைக் கருவியிலிருந்து எடையைப் படிக்கும் சிறு நிரல் ஒன்றை அவரிடம் ஒப்படைத்திருந்தேன். ஒவ்வொரு வாசிப்பும் 200 மில்லிவினாடி தாமதமாகிறது என்று கேபிளை மாற்றினார், சுவிட்சை மாற்றினார், கருவியையே மாற்றிப் பார்த்தார். இரண்டு நாள் போயின. அவர் 7 பைட் தலைப்பை ஒரு முறையும் அதைத் தொடரும் தரவை இன்னொரு முறையுமாகப் பிரித்து அனுப்பியிருந்ததுதான் காரணம். முதல் துண்டு கிடைத்தது என்னும் ஒப்புகை வரும்வரை இரண்டாவது சிறு துண்டை நேகல் வழிமுறை பிடித்து வைத்துக்கொள்ளும்; எதிர்முனையோ, அனுப்ப வேண்டிய மறுமொழியோடு சேர்த்துவிடலாம் என்று ஒப்புகையைத் தாமதப்படுத்தும். இருவரும் ஒருவரையொருவர் எதிர்பார்த்து நிற்கும் நேரமே அந்த 200 மில்லிவினாடி. தலைப்பையும் தரவையும் ஒன்றாகச் சேர்த்தே அனுப்ப வேண்டும் என்றும் ஏன் என்றும் எங்கள் அனுப்பும் செயற்கூற்றின் மேல் ஒன்பது வரிக் குறிப்புரை இருக்கிறது. மாணவர் அதைக் கண்டுபிடிக்கவில்லை. "நான் தேடினேன் அண்ணே, ஒன்றும் வரவில்லை" என்றார். அவர் தேடிய சொற்கள் சரியானவை. குறிப்புரையில்தான் 'ரிசீவ்' என்பதில் ஈ-யும் ஐ-யும் இடம் மாறியிருந்தன, 'டிலேய்ட்' என்பதில் ஓர் எழுத்து விழுந்திருந்தது, நேகலின் பெயரில் கடைசி இரண்டு எழுத்துகள் முன்பின்னாக இருந்தன. 2012-இல் அதை எழுதியவன் நான்தான்.

அன்று மாலையே நாற்பது சொற்கள் கொண்ட பட்டியல் ஒன்றைத் தயாரித்து, உரையில் சொல்லைத் தேடி மாற்றும் செட் கருவியைக் கொண்டு எல்லாக் கோப்புகளிலும் ஒரே வீச்சில் மாற்றி, தொகுத்து, சோதனைகள் தேறியதும் இணைத்துவிட்டு வீட்டுக்குப் போனேன். மறுநாள் காலை உற்பத்தித் தளத்தில் ஒரு சோதனை மேசை நின்றுபோனது. ஒவ்வொரு பலகையும் மின்சாரம் பெற்றதும் தொடர் போர்ட்டில் எழுதும் பதிவு வரிகளைப் படித்து, குறிப்பிட்ட ஒரு வரி 30 வினாடிக்குள் வராவிட்டால் அந்தப் பலகையைத் தோல்வி என்று முத்திரையிடும் மேசை அது. அது எதிர்பார்த்த வரியில் 'ரிசீவ்ட்' என்ற சொல் பிழையாகவே இருக்க வேண்டும், ஏனென்றால் நாங்கள் அனுப்பிய வரியை அப்படியே படியெடுத்துத்தான் மேசையின் நிரலை யாரோ எழுதியிருந்தார்கள். நான் திருத்திய பதிப்பு அன்றைய முன்னோட்ட ஓட்டத்தில் சேர்ந்திருந்தது. 17 நல்ல பலகைகள் தோல்வி முத்திரை பெற்ற பிறகுதான் ஒருவருக்குச் சந்தேகம் வந்தது. நாற்பது நிமிட இழப்பு.

செட்டுக்குக் குறிப்புரை எது, மேற்கோள் குறிக்குள் இருக்கும் சரம் எது என்று தெரியாது என்பதை நான் அறியாதவன் அல்லன். அவசரத்தில் அதை நினைக்கவில்லை. கூடவே இன்னொரு கெடுதலும் நடந்திருந்தது. பழைய கோப்புகள் சிலவற்றில் வரி முடிவுகள் விண்டோஸ் முறையில் இரண்டு எழுத்துகளாக இருந்தன. என் கணினியில் ஓடிய செட் அவற்றில் ஒன்றை உதறிவிட, மூன்று சொற்கள் மாறிய கோப்பில் 1,800 வரிகள் மாறியதாக, மாற்றங்களைப் பதிந்து வைக்கும் கிட் கருவி காட்டியது. அதை யாரும் மேலாய்வு செய்ய முடியாது. உண்மையில் யாரும் செய்யவும் இல்லை. முழுவதையும் திரும்பப் பெற்றேன்.

இரண்டு வாரம் கழித்து மீண்டும் தொடங்கியபோது, தாளில் மூன்று விதிகளை எழுதி ஒட்டிக்கொண்டேன். குறிப்புரைகளைத் தவிர எதையும் தொடக்கூடாது. வெளியிலிருந்து எடுத்துச் சேர்த்த மூன்றாம் தரப்புக் கோப்புறையையும் எந்தக் கோப்பின் உரிம வாசகத்தையும் தொடக்கூடாது. நிரல் மாறவில்லை என்று சொன்னால் போதாது, காட்ட வேண்டும். நான்காவது விதி பாதி வழியில் சேர்ந்தது. அதை அதன் இடத்தில் சொல்கிறேன்.

முதலில் ஆஸ்பெல் என்ற எழுத்துப்பிழை தேடும் கருவி. சி, சி பிளஸ் பிளஸ் நிரல்களுக்கென்று அதில் ஒரு நிலை உண்டு. குறிப்புரைகளையும் சரங்களையும் மட்டும் எடுத்துப் பார்க்கும். ஆனால் அகராதியில் இல்லாத சொற்களையெல்லாம் பிழை என்று கொட்டுவது அதன் இயல்பு. வேறுபட்ட சொற்களாகவே 4,200-க்கு மேல் வந்தன: மாறிகளின் பெயர்கள், சில்லுகளின் பெயர்கள், பதிவேடுகளின் சுருக்கங்கள். அவற்றுக்கு நடுவே மலாய். எங்கள் நிரலகத்தில் மூன்று தலைமுறை நிரலர்களின் கை இருக்கிறது. 'அலாமாட்', 'ஹந்தார்', 'தெரிமா' என்று முகவரி, அனுப்புதல், பெறுதல் பற்றிய குறிப்புகள் ஆங்காங்கே மலாயில் உள்ளன. நினைவகத்தை ஒதுக்கும் ஒரு செயற்கூற்றின் தலையில் 'ஜாங்கான் உசிக்' என்று மட்டும் எழுதியிருக்கிறது. தொடாதே என்று பொருள். இன்றுவரை யாரும் தொடவில்லை. அந்த வரிகளை என் பக்கத்து மேசைத் தோழியிடம் கொடுத்தேன். அவர் குறுஞ்செய்திப் பாணிச் சுருக்கங்களை மட்டும் முழுச்சொற்களாக விரித்துவிட்டு மற்றவை சரியான மலாய்தான் என்றார். அவை என் 587-இல் சேரவில்லை.

ஆஸ்பெல்லின் பட்டியலை எறிந்துவிடவில்லை. அகரவரிசைப்படுத்தி அரை நாள் கண்ணோட்டம் விட்டதில், வேறு எந்தக் கருவியும் காட்டாத 32 பிழைகள் சிக்கின. பெரும்பாலானவை ஆட்களின் பெயர்கள். ஜான் நேகல் தம் வழிமுறையை 1984 ஜனவரியில், இணைய நெறிமுறைகளின் ஆவண வரிசையான ஆர்எஃப்சியின் 896-ஆம் ஆவணத்தில் எழுதினார். அவர் பெயர் எங்களிடம் மூன்று விதமாக எழுதப்பட்டிருந்தது. ஒரே கோப்பில் இரண்டு விதம்.

அடுத்தது கோட்ஸ்பெல். பைத்தானில் எழுதப்பட்ட இந்தக் கருவி எதிர்த்திசையில் வேலை செய்கிறது: சரியான சொற்களின் அகராதி இதனிடம் இல்லை, அடிக்கடி நிகழும் பிழைகளின் பட்டியலும் ஒவ்வொன்றுக்கும் உரிய திருத்தமுமே உள்ளன. ஆகவே, அறியாத சொல்லைக் கண்டால் பேசாமல் போய்விடும். மலாய்க்கும் மாறிப் பெயர்களுக்கும் இது பெரிய நிம்மதி. லினக்ஸ் கருநிரலின் மூலத்திலும் இதே போன்ற பட்டியல் ஒன்று இருக்கிறது. வரிக்கு ஒரு பிழை, இரண்டு செங்குத்துக் கோடுகள், பிறகு திருத்தம்.

ஆனால் கோட்ஸ்பெல்லும் கோப்பு முழுவதையும் படிக்கும், குறிப்புரையைப் பிரித்தறியாது. அந்தப் பிரிப்பை நானே எழுத வேண்டியிருந்தது. மூலக்கோப்பின் நகல் ஒன்றை எடுத்து, குறிப்புரை அல்லாத ஒவ்வோர் எழுத்தையும் வெற்றிடமாக்கி, வரி எண்கள் மாறாமல் ஒரு நிழல் கோப்பைத் தரும் பைத்தான் நிரல் அது. முதல் வடிவத்தை, எழுத்து வடிவங்களைத் தேடும் ஒழுங்குக் கோவை (ரெஜெக்ஸ்) ஒன்றால் எழுதினேன். இரண்டு சாய்கோடுகளைக் கண்டால் அங்கிருந்து குறிப்புரை என்று கொள்ளும்படி. எச்டிடிபி முகவரி உள்ள சரங்களிலெல்லாம் அது ஏமாந்தது, ஏனென்றால் முகவரிக்குள்ளேயே இரண்டு சாய்கோடுகள் இருக்கின்றன. அதை ஒட்டுப்போட்டேன்; பிறகு ஒற்றை மேற்கோளுக்குள் இரட்டை மேற்கோள் குறி வரும் இடத்தில் தடுமாறியது. இரண்டு மாலைகள் ஒட்டுப்போட்ட பின் அதைக் கைவிட்டு, எழுத்து எழுத்தாக நகர்ந்து, நிரல், சரம், ஒற்றை எழுத்து, வரிக் குறிப்புரை, பத்திக் குறிப்புரை என்று ஐந்து நிலைகளுக்கிடையே மாறும் 58 வரி நிரலை எழுதினேன். அது முதல் ஓட்டத்திலேயே சரியாக வந்தது. பிக்மென்ட்ஸ் என்ற பைத்தான் நிரலகம் இந்தப் பிரிப்பை ஆயத்தமாகவே செய்து தரும் என்பது வேலை முடிந்த பிறகுதான் நினைவுக்கு வந்தது. இந்த ஆறு மணி நேரம் எனக்குத் தேவையே இல்லாதது.

நிழல் கோப்புகளின் மேல் கோட்ஸ்பெல் 611 இடங்களைக் காட்டியது. பட்டியலை விரிதாளில் ஏற்றி, கோப்பு, வரி, பிழை, திருத்தம் என்ற நான்கு நெடுவரிசைகளுக்கு அடுத்து என் முடிவுக்காக ஐந்தாவது ஒன்றைச் சேர்த்துக்கொண்டேன். முதல் பக்கத்திலேயே சிக்கல் தெரிந்தது. வலையமைப்புத் துறையின் சுருக்கெழுத்துகள், அவசரத் தட்டச்சில் விழும் பிழைகளைப் போலவே இருக்கின்றன. ஈ-சி-டி என்ற மூன்றெழுத்தை, 'எட்செட்ரா' என்பதன் சுருக்கத்தில் எழுத்து இடம் மாறியது என்று கருவி கருதுகிறது. எங்களுக்கோ, நெரிசல் அறிவிப்பை ஏற்கும் போக்குவரத்து என்பதைக் குறிக்க 2001-இல் ஆர்எஃப்சி 3168 வைத்த பெயர் அது. என்-டி என்ற இரண்டெழுத்து அண்டை முனையைக் கண்டறிதல். கருவி அதை 'அண்ட்' ஆக்கப் பார்க்கிறது. அது முன்மொழிந்ததையெல்லாம் கண்ணை மூடிக்கொண்டு ஏற்றிருந்தால், ஐபி பதிப்பு 6 பற்றிய கோப்பு முழுவதும் 'அண்ட்' மயமாகியிருக்கும். இப்படி 23 சொற்கள் கொண்ட விலக்குப் பட்டியல் ஒன்று உருவாகி, 611-இலிருந்து 127 இடங்களைக் கழித்தது.

மிச்சம் 484. அவற்றில் பாதிக்கு மேல் ஐந்தாறு சொற்களின் வேலைதான். முதலிடம் எதிர்பார்த்தபடி 'ரிசீவ்' குடும்பத்துக்கு. 'செபரேட்' என்பதன் நடுவில் ஏ-க்குப் பதில் ஈ. 'லெங்த்' என்பதன் கடைசி டி-யும் எச்-சும் தலைகீழ். 'அட்ரஸ்' ஒற்றை டி-யோடு. 'அக்கர்ட்' ஒற்றை ஆரோடு. தமிழ்ப்பள்ளியில் மூன்று சுழி, இரண்டு சுழி என்று ஆசிரியரிடம் குட்டு வாங்கியவனுக்கு இதில் சிரிக்க உரிமையில்லை.

'அக்னாலெட்ஜ்மென்ட்' என்ற சொல்லில்தான் வீணாக ஒரு மாலை போனது. நடுவில் ஈ வைத்து எழுதுவது பிரிட்டிஷ் வழக்கம், எங்கள் பள்ளிகளில் கற்பித்ததும் அதுவே. ஈ இல்லாமல் எழுதுவது அமெரிக்க வழக்கம், 1981-இன் ஆர்எஃப்சி 793 எழுதியதும் அப்படித்தான். நிரலகத்தில் இரண்டும் ஏறக்குறையச் சரிபாதி. எல்லாவற்றையும் ஈ உள்ளதாக்கத் தொடங்கி முப்பது இடங்கள் தாண்டிய பிறகு, அவற்றில் பல ஆர்எஃப்சியிலிருந்து சொல் மாறாமல் எடுத்த மேற்கோள்கள் என்று கண்டேன். ஒருவர் அந்த வாசகத்தைத் தரத்தின் மூல ஆவணத்தில் தேடும்போது அது அங்கே அப்படியே கிடைக்க வேண்டும். மாற்றியதைத் திரும்ப வைத்தேன். இரண்டு வடிவங்களும் சரி, இரண்டும் இருக்கட்டும் என்று விட்டேன். இதே காரணத்தால், எச்டிடிபி பற்றிய குறிப்புரைகளில் 'ரெஃபரர்' என்னும் தலைப்பின் பெயரும் தப்பியது. அதில் ஓர் ஆர் குறைவு என்பதை 1999-இன் ஆர்எஃப்சி 2616 ஆவணமே ஒப்புக்கொள்கிறது. ஆனாலும் உலகத்து உலாவிகள் அந்தப் பெயரை அந்தப் பிழையோடுதான் அனுப்புகின்றன. 484-இல் இப்படி 15 இடங்களை விட்டு, 469-ஐத் திருத்தினேன்.

திருத்தங்களை இட்டது இன்னொரு சிறு நிரல். அதோடு, திருத்திய இடங்களில் வரி நீண்டுவிட்டால் பத்தியை 80 எழுத்து அகலத்திற்கு மீண்டும் மடித்து அழகுபடுத்தினேன். பிறகு நிரூபணம். மாற்றத்திற்கு முந்தைய நிலையையும் பிந்தைய நிலையையும் ஒரே கோப்புறையில் ஒன்றன்பின் ஒன்றாக, பிழைநீக்கத் தகவல் இல்லாமல் தொகுத்து, ஒவ்வோர் ஆப்ஜெக்ட் கோப்பின் ஷா-256 மதிப்பையும் (ஒரு பைட் மாறினாலும் மாறிவிடும், கைரேகை போன்ற எண்) ஒப்பிட்டேன். வெவ்வேறு கோப்புறைகளில் தொகுத்தால் கோப்பின் பாதையே உள்ளே பதிந்து எல்லாம் வேறுபட்டுத் தோன்றும் என்பது தெரிந்திருந்ததால் அந்தக் குழியில் விழவில்லை. ஆனால் 71-இல் 29 வேறுபட்டன.

குறிப்புரை மட்டும் மாறியிருக்க, 29 எப்படி? ஆப்ஜெக்ட் கோப்பின் உள்ளடக்கத்தைக் காட்டும் கருவியால் ஒன்றைப் பிரித்துப் பார்த்ததில் விடை கிடைத்தது. ஒரு நிபந்தனை பொய்த்தால் நிரலை நிறுத்தும் அசர்ட் என்னும் மேக்ரோ, தான் நிற்கும் வரியின் எண்ணையும் நிரலுக்குள் பதித்துவிடுகிறது. நான் பத்தியை மடித்ததில் ஒரு வரி கூடினால், அதற்குக் கீழே உள்ள அசர்ட்டுகளின் எண்கள் எல்லாம் ஒன்று கூடும். பாதகமில்லாத வேறுபாடுதான், ஆனால் 29 கோப்புகளில் பாதகமில்லாத வேறுபாடுகளுக்கு நடுவே பாதகமான ஒன்று ஒளிந்திருந்தால் நான் எப்படிக் காண்பேன்? மடித்ததையெல்லாம் பிரித்தேன். நான்காவது விதி இப்படித்தான் பிறந்தது: வரிகளின் எண்ணிக்கை மாறக்கூடாது. சில வரிகள் 83, 84 எழுத்துகள் வரை நீண்டு நிற்கின்றன. நிற்கட்டும்.

இப்போது இரண்டு கோப்புகள் மட்டும் வேறுபட்டன. ஒன்று, பதிப்புத் தகவலைச் சொல்லும் கோப்பு. தொகுத்த தேதியும் நேரமும் அதில் பதிகின்றன. அந்த நேரத்தை ஒரு சூழல் மாறியால் நிலைப்படுத்தும் வசதி, நாங்கள் பயன்படுத்தும் தொகுப்பியான ஜிசிசியில் 7-ஆம் பதிப்பு முதல் உள்ளது; அதை வைத்ததும் ஒன்றாயிற்று. மற்றொன்று உண்மையான பிழை. ஒரு வரியில் பதிவுச் சரம் ஒன்றும், அதே வரியின் கடைசியில் குறிப்புரை ஒன்றும் இருந்தன. இரண்டிலும் 'ரிசீவ்ட்' பிழையாக இருந்தது. பட்டியல் சொன்னது குறிப்புரையில் உள்ளதை. என் நிரலோ வரி எண்ணை மட்டும் பார்த்து, அந்த வரியில் முதலில் கண்ட சொல்லை, அதாவது சரத்தில் இருந்ததை, மாற்றிவிட்டது. சோதனை மேசை எதிர்பார்க்கும் அதே சரம். இந்த ஒப்பீடு இல்லாவிட்டால் இரண்டாம் முறையும் அதே மேசையை நிறுத்தியிருப்பேன். பட்டியலில் ஆறாவது நெடுவரிசையாக எழுத்தின் இடத்தையும் சேர்த்து, நிரலைத் திருத்தி, மீண்டும் ஓட்டினேன். 71-உம் ஒன்றாயின.

கருவிகள் அறியாத பிழைகள் மிச்சமிருந்தன. அகராதியில் உள்ள ஒரு சரியான சொல், தவறான இடத்தில் நின்றால் கோட்ஸ்பெல்லுக்குத் தெரியாது. மேலாளரின் அனுமதியோடு, நிரல் வரி ஒன்றுகூட இல்லாமல் குறிப்புரை வாக்கியங்களை மட்டும் சிறிய எழுத்தில் 34 தாள்களில் அச்சிட்டு, புக்கிட் மெர்தாஜாமில் இருக்கும் என் மனைவியின் தாய்மாமாவிடம் கொண்டுபோனேன். இடைநிலைப் பள்ளியில் ஆங்கிலம் கற்பித்து ஓய்வு பெற்றவர். தாளுக்குப் பத்து சென் வீதம் அச்சுச் செலவு 3 ரிங்கிட் 40 சென். அவருக்குக் கூலி, தீவிலிருந்து வாங்கிச் சென்ற ஒரு டப்பா தம்புன் பிஸ்கட். சிவப்புப் பேனாவோடு மூன்று மணி நேரம் உட்கார்ந்தார். "மாப்பிள்ளை, உங்கள் ஆட்கள் பாக்கெட்டை எங்கே பார்த்தாலும் அவிழ்த்துவிடுகிறார்களே" என்றார். தொலைப்பதைக் குறிக்கும் 'லூஸ்' என்ற சொல்லில் ஓர் ஓ கூடுதலாக விழுந்து, பாக்கெட் தொலையும் இடங்களிலெல்லாம் அது தளர்ந்து போயிருந்தது. 19 இடங்கள். ஒப்பிடப் பயன்படும் 'தேன்' என்ற சொல்லும் வரிசையைச் சொல்லும் 'தென்' என்ற சொல்லும் ஏ, ஈ வேறுபாட்டால் குழம்பியிருந்த இடங்கள் 14. உடைமையைக் குறிக்கும் சொல்லில் வேண்டாத அபாஸ்ட்ரஃபி தொங்கிய இடங்கள் பல. ஒரே சொல் இரு முறை வந்த இடங்களும் இருந்தன. வரியின் கடைசியிலும் அடுத்த வரியின் தொடக்கத்திலும் அது நிற்பதால் கண்ணுக்குத் தப்பிவிடும்.

அவர் குறித்தவற்றில் ஏற்றுக்கொண்டவை 86. ஏற்காதவற்றில் முக்கியமானது, 'இஃப்' என்பதை இரட்டை எஃப்போடு எழுதிய ஏழு இடங்கள். அது 'அப்படியானால், அப்படியானால் மட்டுமே' என்பதற்குக் கணிதத்தில் வழங்கும் சுருக்கம். மாமாவுக்கு அதை விளக்கியபோது, சுருக்கத்தைச் சுருக்கமாக எழுதினால் வாசிப்பவன் பிழையென்று திருத்தத்தான் செய்வான் என்றார். அவர் சொன்னதில் நியாயம் உண்டு, ஆனாலும் நான் மாற்றவில்லை.

அவர் பேச்சைக் கேட்டு மாற்றிய ஓரிடம் என்னை மாட்டிவிட்டது. இணைப்பின் நிலைகளைக் கையாளும் சுவிட்ச் அமைப்பில், ஒரு கேஸ் (ஒரு நிலைக்குரிய நிரல் பகுதி) நிற்காமல் அடுத்ததற்குள் வேண்டுமென்றே வழியும் ஆறு இடங்களில், 'ஃபால்-த்ரூ' என்று குறுக்கிய எழுத்தில் குறிப்புரை இருந்தது. 'த்ரூ' என்பதற்கு நான்கெழுத்து எழுத்துக்கூட்டலைக் கண்டதும் மாமா வெகுண்டு சிவப்பில் வட்டமிட்டார். நானும் அதை 'அடுத்த நிலைக்குள் வழிகிறது' என்னும் பொருளில் முழு ஆங்கில வாக்கியமாக எழுதினேன். தொகுப்பி உடனே நின்றது. ஜிசிசி 7 முதல், இப்படி வழியும் இடங்களில் எச்சரிக்கை தரும் வசதி இருக்கிறது. வழிவது வேண்டுமென்றே என்று சொல்லும் குறிப்புரை இருந்தால் எச்சரிக்கை தராது. ஆனால் வழக்கமான அளவில் அது ஏற்கும் வாசகங்களின் வடிவம் வரையறுக்கப்பட்டது. குறுக்கிய 'த்ரூ' அதில் அடங்கும். பின்னால் வேறு சொற்கள் ஒட்டிய என் அழகான வாக்கியம் அடங்காது. எச்சரிக்கையைப் பிழையாகக் கொள்ளும்படி நாங்கள் அமைத்திருப்பதால் தொகுப்பு நின்றது. குறிப்புரை என்றாலே தொகுப்பி படிக்காது என்று இருபது ஆண்டுகளாக நம்பியிருந்தேன். ஆறையும் பழையபடி வைத்தேன். அவற்றுக்குப் பதில் தொகுப்பிக்கென்றே உள்ள முறையான பண்புக்குறி ஒன்றை இட வேண்டும் என்று தனி வேலையாக எழுதி வைத்திருக்கிறேன்.

குறிப்புரைகளிலிருந்து ஆவணம் தயாரிக்கும் டாக்ஸிஜன் கருவி இன்னொன்றைக் காட்டியது. ஒன்பது செயற்கூறுகளில் நீளத்தைக் குறிக்கும் அளவுருவின் பெயரே பிழையாக இருந்தது, அதன் விளக்கக் குறிப்புரையிலும் அதே பிழை. குறிப்புரையை மட்டும் நான் திருத்தியதும், அப்படி ஓர் அளவுருவே இல்லை என்று டாக்ஸிஜன் முறையிட்டது. சி மொழியில் அளவுருவின் பெயரை மாற்றினால் அழைப்பவர் எவருக்கும் பாதிப்பில்லை. ஆனாலும் அது நிரல். முதல் விதிக்கு வெளியே. இந்த ஒன்பதையும் தனிக் கிளையில் வைத்தேன். அங்கே ஒப்பீட்டை ஓட்டியபோது நான்கு ஆப்ஜெக்ட் கோப்புகள் வேறுபட்டன. அசர்ட் தன் நிபந்தனையை எழுத்துகளாகவே உள்ளே பதிப்பதால், பிழையான பெயர் அந்த எழுத்துகளிலும் இருந்திருக்கிறது.

கமிட்டுகளைக் கோப்புறைவாரியாகப் பிரித்தேன். மேலாய்வாளர் ஒரு மூச்சில் ஒன்றைப் பார்த்து முடிக்கும் அளவு. வரி வேறுபாட்டுக்குப் பதில் சொல் வேறுபாட்டைக் காட்டும்படி கிட்டை அமைத்தால், ஒவ்வொரு திருத்தமும் சிவப்பில் ஒரு சொல், பச்சையில் ஒரு சொல் என்று தெரிகிறது. முதல் முயற்சியில் மேலாய்வாளர் ஏன் பார்க்கவில்லை என்பதற்கு இதுவும் ஒரு விடை. இந்த வரியை யார் எழுதினார் என்று எதிர்காலத்தில் யாராவது கிட்டிடம் கேட்டால், 587 இடங்களில் என் பெயர் வந்து உண்மையில் எழுதியவரை மறைத்துவிடும். அதற்காக 14 கமிட்டுகளின் எண்களையும் விலக்குக் கோப்பு ஒன்றில் எழுதி வைத்தேன். 2019 ஆகஸ்டில் வந்த கிட் 2.23 முதல் இந்த வசதி உண்டு. ஒவ்வொருவரும் தம் கணினியில் ஒரு முறை அமைத்துக்கொள்ள வேண்டும். பாதிப் பேர் இன்னும் செய்யவில்லை.

கணக்கைச் சொல்லிவிடுகிறேன். பிரிக்கும் நிரலுக்கு 6 மணி, பட்டியலைப் பார்த்து முடிவெடுக்க 7, மாமாவோடு 3, ஒப்பீட்டுக்கு 5, கமிட்டும் மேலாய்வும் 5, ஆக 26 மணி நேரம். மறுமுறை செய்தால் பிரிப்பைப் பிக்மென்ட்ஸிடம் விட்டுவிடுவேன்; ஒப்பீட்டு நிரலைக் கடைசியில் அல்லாமல் முதல் நாளே எழுதி, ஒவ்வொரு பத்துத் திருத்தத்திற்கும் ஒரு முறை ஓட்டுவேன்; மாமாவிடம் தாள்களைக் கொடுப்பதற்கு முன் சுருக்கெழுத்துகளின் பட்டியல் ஒன்றையும் கூடவே கொடுப்பேன். செட்டை இந்த வேலைக்குத் தொட மாட்டேன்.

பதிவுச் சரங்களில் 38 பிழைகள் அப்படியே உள்ளன. அவற்றை மாற்ற, சோதனை மேசைகளின் நிரல்களைப் பராமரிக்கும் பிரிவோடு ஒரே நாளில் இரண்டு பக்கமும் மாற்றும் ஏற்பாடு வேண்டும். அவர்கள் ஆண்டிறுதிக் கணக்கெடுப்பு முடியட்டும் என்றிருக்கிறார்கள். வாடிக்கையாளர்கள் அழைக்கும் ஒரு செயற்கூற்றின் பெயரிலும் 2011 முதல் ஒரு பிழை இருக்கிறது. அவர்களுடைய நிரல்கள் அந்தப் பெயரால்தான் அழைக்கின்றன. அதற்கு மேல், இது பிழையென்று தெரிந்தே விடப்பட்டது, திருத்த வேண்டாம் என்று இரண்டு வரி எழுதினேன்.

இப்போது ஒவ்வொரு கமிட்டுக்கும் முன் கொக்கி என்னும் தானியங்கிச் சிறு நிரல் ஒன்று ஓடுகிறது. மாறிய வரிகளில் உள்ள குறிப்புரையை மட்டும் பார்க்கும், இரண்டு வினாடிக்குள் முடியும், பிழையைக் கண்டால் சொல்லும், தடுக்காது. விலக்குப் பட்டியலைப் பயிற்சி மாணவரின் பொறுப்பில் விட்டிருக்கிறேன். 23 சொற்களாக இருந்தது 27 ஆகியிருக்கிறது. கடைசியாக அவர் சேர்த்தது, அவருடைய எடைக் கருவியின் பெயரில் வரும் மூன்றெழுத்து.